கோப்பு நகரும் பாதையை விற்பனைப் பொருளாக்கிய தில்லி நிறுவனம்

புது தில்லி: தலைநகரின் அமைச்சகங்களில் அலைந்தவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. கோப்பு இருக்கிறது என்பார்கள். எந்த மேஜையில் இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். கோப்பு செல்லும் பாதையையே மென்பொருளாக்கி விற்று வளர்ந்த நிறுவனம் ஒன்று இதே தில்லியில்தான் பிறந்தது. அதன் பெயர் நியூஜென் சாப்ட்வேர் டெக்னாலஜீஸ்.

1992-ல் இதைத் தொடங்கியவர்கள் திவாகர் நிகமும் டி.எஸ். வரதராஜனும். நிகம் சென்னை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பயின்றவர். ஜனதா ஆட்சிக் காலத்தில், 1978-ல் ஐ.பி.எம். நாட்டைவிட்டு வெளியேறியதால் உண்டான வெற்றிடத்தில் முளைத்த உள்நாட்டு முயற்சிகளுள் ஒன்றான சாப்டெக் நிறுவனத்தில் அனுபவம் பெற்றவர். அயல்நாட்டு நிறுவனங்களுக்கு ஆள்களை அனுப்பிப் பணி செய்து கொடுப்பதே லாபம் என்று பிற நிறுவனங்கள் கருதிய காலத்தில், சொந்தமாகப் பொருள் உருவாக்கி விற்பது என்று இவர்கள் முடிவெடுத்தனர். துணிச்சலான முடிவுதான், பலன் கிடைக்க ஆண்டுகள் பல ஆயின.

முதலில் ஆவணங்களைப் படமெடுத்துச் சேமிக்கும் "ஆம்னிடாக்ஸ்", பிறகு அவற்றை மேஜைக்கு மேஜை நகர்த்தும் "ஆம்னிஃப்ளோ" வந்தன. ஒருவர் வங்கியில் கடன் கேட்டு விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர், மதிப்பிடுபவர், ஒப்புதல் அளிப்பவர் என்ற வரிசையை மென்பொருளே அறிந்திருக்கும். குறித்த நேரத்துக்குள் ஒருவர் முடிவெடுக்காவிட்டால் மேலதிகாரிக்குத் தகவல் போகும். யார், எப்போது, என்ன செய்தார் என்பது அழியாமல் பதிவாகும். வணிக நடைமுறை மேலாண்மை என்று இத்துறையினர் சொல்வது இதைத்தான்.

வங்கிகள் இதற்குத் தயாராக நெடுங்காலம் பிடித்தது. வேலை பறிபோகும் என்ற அச்சத்தில் ஊழியர் சங்கங்கள் கணினியை எதிர்த்தன. 1983-ல் ஏற்பட்ட ஒப்பந்தம் இயந்திரங்களை ஓர் அளவுக்குள் மட்டுமே அனுமதித்தது. சி. ரங்கராஜன் தலைமையிலான குழுக்கள் வழி வகுத்தன. 1998-ல் ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், வங்கி வணிகத்தில் 70 சதவீதத்தை 2001 தொடங்குவதற்குள் கணினிமயமாக்க உத்தரவிட்டார். கணினிமயமாக்கலை ஊழல் ஒழிப்புக் கருவியாகவும் தில்லி பார்க்கத் தொடங்கியது அப்போதுதான் எனலாம். காசோலையை ஊர் ஊராக அனுப்பாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பும் முறையை ரிசர்வ் வங்கி 2008 பிப்ரவரியில் தில்லி வட்டாரத்திலும், 2011 செப்டம்பரில் சென்னையிலும் நடைமுறைப்படுத்தியது. படமும் பணிப்பாதையும் நியூஜென்னுக்குக் கைவந்த தொழில்.

2018 ஜனவரியில் பங்கு ஒன்று 245 ரூபாய் என்ற விலையில் நிறுவனம் சந்தைக்கு வந்து ஏறத்தாழ 424 கோடி ரூபாய்க்குப் பங்குகளை விற்றது. அதில் நிறுவனத்துக்குக் கிடைத்தது 95 கோடி மட்டுமே. எஞ்சியது பங்குகளை விற்ற பழைய உரிமையாளர்களுக்குச் சென்றது. 2022-ல் நம்பர் தியரி என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தை வாங்கியது. 2024-25-ல் வருவாய் 1,400 கோடியைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி வெளிநாடுகளில் ஈட்டியது.

மத்திய அரசின் அமைச்சகங்களோ தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய "இ-ஆபீஸ்" மூலம் கோப்புகளை நகர்த்துகின்றன. ஆவணங்களைக் கணினிமயமாக்கி வலைப்பின்னலில் இணைக்க வேண்டும் என்கிறது 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. கோப்பில் அதிகாரிகள் எழுதும் குறிப்புகளைச் சட்டத்துக்கு வெளியே வைக்க 2006-ல் மத்திய அமைச்சரவை முயன்றதும், எதிர்ப்பு வலுக்கவே பின்வாங்கியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். கோப்பு எங்கே நின்றது, எத்தனை நாள் நின்றது என்பதெல்லாம் இன்று கணினியில் நொடிக்கணக்கில் பதிவாகின்றன. ஆனால் அந்தப் பதிவைப் பார்க்க விரும்பும் குடிமகன் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுச் செய்துவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.