நாய்களுக்கு உண்டாகும் ஒவ்வாமைச் சொறி

வீட்டையும் ஆட்டுப் பட்டியையும் காத்து நிற்கும் நாய், ஓயாமல் சொறிந்து, மயிர் உதிர்ந்து, தோல் கறுத்துப் போகுமாயின், அதனைத் தொற்று வியாதி கொண்டதென்று கருதி விரட்டி விடுவோர் பலர். அரிப்பெடுக்கும் நாய்களில் பலவற்றிற்கு உள்ளது ஒவ்வாமையேயாகும். அது மனிதருக்கேனும் பிற நாய்களுக்கேனும் ஒட்டுவதன்று.

ஒவ்வாமையாவது, மற்றவற்றிற்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளைச் சில பிராணிகளின் சரீரம் பகையாகக் கொண்டு, அளவுக்கு மீறி எதிர்ப்பதாம். நாய்களிடம் இது முக்கியமாக மூன்று விதங்களில் காணப்படும்.

முதலாவது, தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீரால் வருவது. தெள்ளு மிகுந்த உஷ்ணப் பிரதேசங்களில் இதுவே அதிகம். ஒவ்வாமையுள்ள நாய்க்குச் சில கடிகளே போதும்; வாலின் அடியிலும் பின்தொடைகளிலும் புண் காணும். இரண்டாவது, தூசியில் வாழும் நுண்ணிய பூச்சிகள், மகரந்தம், பூஞ்சணம் முதலியவற்றால் வருவது. நாய்களில் 100-க்கு 10 முதல் 15 வரை இதற்கு உட்படுவதாக மதிப்பிடுகின்றனர். இது பெரும்பாலும் 6 மாதத்திற்கும் 3 வயதிற்கும் இடையில் தொடங்கி, முகம், காது, பாதம், அக்குள் ஆகிய இடங்களைப் பற்றும். மூன்றாவது, மாட்டிறைச்சி, பால், கோழியிறைச்சி, கோதுமை போன்ற ஆகாரங்களால் வருவது. இது மற்ற இரண்டையும் விடக் குறைவு.

தெள்ளின் முட்டையும் புழுவும் நாயின்மேல் இருப்பதைவிட, அது படுக்கும் தரையிலும் சாக்கிலுமே மிகுதியாக உள்ளன. ஆகையால் நாயை மட்டும் குளிப்பாட்டுவதால் பயனில்லை. படுக்குமிடத்தை நாள்தோறும் பெருக்கி, சாக்கை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். வீட்டிலுள்ள நாய், பூனை யாவற்றிற்கும் ஒருங்கே மருந்திடல் அவசியம். ஆனால் நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

மண்ணெண்ணெயும் பழைய இயந்திர எண்ணெயும் பூசுவது கூடாது. அவை தோலைப் புண்ணாக்குவதுடன், நாய் நக்கும்போது உள்ளே சென்று விஷமாகும்.

சிற்றுண்ணியால் வரும் உண்மையான சொறியோ பிற நாய்களுக்குப் பரவும்; மனிதருக்கும் அரிப்பை உண்டாக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருத்தலால், மிருக வைத்தியரிடம் காட்டி நிச்சயித்துக் கொள்க. சொறியும் மருந்தினால் தீரக்கூடியதே. ஒவ்வாமையும் தக்க பராமரிப்பினால் அடங்கும். ஆதலின் எந்த வியாதியாயினும், காத்த நாயைத் தெருவில் விடுவதற்கு அது காரணமாகாது.