5 ஸ்டாருக்கு 50 ரூபாய்

இந்த எபிசோடுக்கு வேற டாபிக்தான் வச்சிருந்தேன். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போயிட்டு வந்ததும் மாத்திட்டேன். காரணம் எங்க மதினி. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இதைச் சொல்றேன்.

தபசுக் காட்சி பார்த்துட்டு வந்து வீட்ல எல்லாரும் படுத்தாச்சு. மதினி மட்டும் போனைக் கையில வச்சுக்கிட்டு மாடிக்கு வந்தாங்க. "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் வேலைதான பாக்கிய? இதுல மாட்டின காசைத் திரும்ப எடுக்க முடியுமா? அண்ணனுக்குத் தெரியாது."

நடந்தது இதுதான். தெரியாத நம்பர்ல இருந்து ஒரு மெசேஜ். வீட்டில் இருந்தே வேலை, மேப்ல ஹோட்டல்களுக்கு 5 ஸ்டார் போட்டா ஒவ்வொண்ணுக்கும் 50 ரூபாய். மதினி மூணு ஹோட்டலுக்குப் போட்டாங்க. ஒண்ணு கோவா, ஒண்ணு ஜெய்ப்பூர், இன்னொண்ணு எந்த ஊர்னே அவங்களுக்குத் தெரியல. பத்து நிமிஷத்துல 150 ரூபாய் அக்கவுண்ட்ல நிஜமாவே வந்து விழுந்துச்சு.

அடுத்து ஒரு குரூப்ல சேர்த்தாங்க. அதுல 80 பேர். தினமும் ஸ்கிரீன்ஷாட் மழை. "2,000 கட்டினேன், 2,800 வந்துச்சு, நன்றி மேடம்." மதினியும் 2,000 கட்டினாங்க, 2,800 வந்துச்சு. அப்புறம் 18,000 கட்டினாங்க. சீட்டுக்கும் பிள்ளையோட ஸ்கூல் பீஸுக்கும் எடுத்து வச்ச காசு. இந்தத் தடவை ஸ்கிரீன்ல நம்பர் மட்டும் ஏறிச்சு, பணம் வெளியே வரல. "டாஸ்க்ல தப்பு பண்ணிட்டீங்க, இன்னும் 36,000 கட்டினா மொத்தமும் ரிலீஸ் ஆகும்"னு பதில். அங்கதான் மதினி நின்னுட்டாங்க.

இதுல மாட்டினவங்க நாடு முழுக்க இருக்காங்க. 2023 டிசம்பர்ல, உள்துறை அமைச்சகத்துக்குக் கீழ இருக்கிற இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் பரிந்துரை செஞ்சு, இந்த மாதிரி பார்ட் டைம் வேலை, முதலீட்டு மோசடிக்குப் பயன்பட்ட 100-க்கும் மேற்பட்ட வெப்சைட்டுகளை மத்திய அரசு முடக்குச்சு.

இப்போ ஒண்ணைக் கவனிங்க. மதினி போட்டது பொய் ரிவ்யூ. அவங்களை மாட்டி விட்டதும் பொய் ரிவ்யூதான். அந்த ஸ்கிரீன்ஷாட்டுகள் வேற என்ன? அந்த 80 பேரும் ரெண்டு மூணு ஆளுங்க கையில இருக்கிற 80 நம்பரா இருக்கலாம். அந்த ஹோட்டல்காரங்களுக்கே இந்த ரிவ்யூ விஷயம் தெரியாம இருக்கலாம். ரிவ்யூ வேலைங்கிறது வெறும் தூண்டில் புழு.

நாலு பேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நாம நம்புறதுல தப்பு இல்ல. எங்க ஊர்ல எந்தக் கடையில பிரியாணி நல்லா இருக்கும்னு வெளியூர்க்காரர் யாரையும் கேட்கவே வேண்டாம். மத்தியானம் எந்த வாசல்ல கூட்டம் நிக்குதுன்னு பார்த்தாப் போதும். ஒவ்வொருத்தரும் தன் காசையும் நேரத்தையும் செலவழிச்சு வெயில்ல நிக்கிறாங்க. அதனாலதான் அந்தக் கூட்டத்துக்கு மதிப்பு.

கூட்டத்தையும் பொய்யா சேர்க்கலாம்தான். கட்சி மாநாட்டுக்கு வேன்ல ஆள் ஏத்துறதை நாம பார்க்காததா? ஆனா அதுக்கு வண்டி, சாப்பாடு, தலைக்கு இவ்வளவுன்னு செலவு உண்டு. ஆன்லைன்ல அந்தச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரு கூட்டத்தை உருவாக்க ஆகிற செலவு குறையக் குறைய, அந்தக் கூட்டம் சொல்றதோட மதிப்பும் குறையுது. ஆனா நம்ம மூளை ரெண்டு கூட்டத்தையும் ஒரே மாதிரிதான் எண்ணுது.

லாபம் இல்லாம யாரும் இதைச் செய்யல. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூகா 2011-ல சியாட்டில் நகர உணவகங்களை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டார். யெல்ப் தளத்துல ஒரு ஸ்டார் கூடினா வருமானம் 5-ல இருந்து 9 சதவீதம் வரை கூடுது. அதுவும் பெரிய செயின் கடைகளுக்கு இல்ல, பேர் தெரியாத தனிக்கடைகளுக்குத்தான்.

இன்னொரு ஆய்வு 2022-ல மார்க்கெட்டிங் சயின்ஸ் இதழ்ல வந்தது. அமேசான்ல விற்கிறவங்க சிலர் ஃபேஸ்புக் குரூப்ல ஆள் பிடிக்கிறாங்க. பொருளை வாங்கி 5 ஸ்டார் போட்டா, பொருளோட காசு திரும்ப வந்துடும். சில வாரம் ரேட்டிங்கும் விற்பனையும் ஏறுது. ஆள் பிடிக்கிறதை நிறுத்தினதும் ரேட்டிங் இறங்குது, 1 ஸ்டார் கூடுது. அதாவது நம்பி வாங்கினவங்க ஏமாந்திருக்காங்க. இன்னொண்ணு, பொருளை நிஜமாவே வாங்கித்தான் இந்த ரிவ்யூ வருது. அதனால "வாங்கியது உறுதி செய்யப்பட்டது"ங்கிற முத்திரையை மட்டும் வச்சு நம்பாதீங்க.

நானும் யோக்கியன் இல்ல. முதல் வேலையில நாங்க செஞ்ச ஆப் வெளியானப்போ, "வீட்ல உள்ளவங்க போன்லயும் 5 ஸ்டார் போடச் சொல்லுங்க"ன்னு ஆபீஸ்ல மெயில் வந்துச்சு. அம்மா போன்ல நான்தான் போட்டேன். அம்மா அந்த ஆப்பைத் திறந்து பார்த்ததே இல்ல.

சட்டம் என்ன சொல்லுது? விற்பவர் தன்னை வாடிக்கையாளர் மாதிரி காட்டி ரிவ்யூ எழுதக் கூடாதுன்னு 2020-ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்லுது. 2022 நவம்பர்ல இந்திய தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூவுக்குன்னே ஐ.எஸ். 19000:2022 என்ற தர விதியைக் கொண்டு வந்துச்சு. எழுதினவர் நிஜ ஆளான்னு சரிபார்க்கணும், காசு கொடுத்து வாங்கின ரிவ்யூவைப் போடக் கூடாது. ஆனா அது விருப்பப்பட்டா பின்பற்றலாம்ங்கிற அளவுலதான் வந்தது. கட்டாயமாக்கணும்னு 2024-ல நுகர்வோர் விவகாரத் துறை முன்மொழிஞ்சது. அமெரிக்காவுல பொய் ரிவ்யூவை விற்கிறதையும் வாங்குறதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபர்ல இருந்து அமல்ல இருக்கு.

நாம என்ன பண்ணலாம்? முதல்ல 2 ஸ்டார், 3 ஸ்டார் ரிவ்யூக்களைப் படிங்க. அதை யாரும் காசு கொடுத்து எழுத வைக்கிறது அபூர்வம். அடுத்து தேதி. ஆறு மாசம் அமைதியா இருந்துட்டு ஒரே வாரத்துல 40 ரிவ்யூ வந்தா சந்தேகப்படுங்க. அப்புறம் எழுதினவர் ப்ரொஃபைல். ஒரே நாள்ல கோவாவுலயும் ஜெய்ப்பூர்லயும் தங்கினவர் யாரும் இல்ல. பார்சலுக்குள்ள "5 ஸ்டார் போட்டா கேஷ்பேக்"னு அட்டை இருந்தா அதை வாங்கிக்காதீங்க, நுகர்வோர் உதவி எண் 1915-ல சொல்லுங்க. வேலை தர்றேன்னு சொல்றவங்க உங்ககிட்ட காசு கேட்டா, அங்கேயே நிறுத்திடுங்க.

அன்னிக்கு ராத்திரியே 1930-க்குப் போன் போட்டோம். பணம் போன உடனே சொன்னா அதை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கு. மதினி ஆறு நாள் பயந்துக்கிட்டு சொல்லாம இருந்துட்டாங்க. இதுவரை ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரல. காலையில அண்ணன்கிட்ட அவங்களே சொன்னாங்க, நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்.

அதுக்கப்புறம் "அந்த ஸ்டாரை எல்லாம் அழிச்சிருங்க தம்பி"ன்னாங்க. எந்த ஊர்னே தெரியாத அந்த ஹோட்டலுக்கு அவங்க போட்ட ரிவ்யூவுக்கு ரெண்டு பேர் லைக் போட்டிருந்தாங்க. மதினி அதையே பார்த்துட்டு இருந்தாங்க.

"என்னைய நம்பி அங்க போய்த் தங்கியிருப்பாவளோ?"

எனக்குப் பதில் தெரியல. அழிச்சுட்டேன்.

எபிசோடு முடியுறப்போ "5 ஸ்டார் போடுங்க"ன்னு வழக்கமா கேட்பேன். இனிமே கேட்டு முடிச்சுட்டு, தோணுறதைப் போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.