உடலில் அணியும் உணர்கருவிகளும் முப்பரிமாண அச்சு முறையும்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை முதலியன செய்யப்படும் முறை வியவசாயிகள் பலர் அறிந்ததே. களிமண் குழம்பைப் பாரிஸ் சாந்து அச்சில் வார்த்தால், அச்சு நீரை உறிஞ்ச, மண் ஓரத்தில் படிந்து உருவமாகும். ஒரே அளவான உருப்படிகள் பலவற்றுக்கு இதுவே சிக்கனமான வழி. ஆனால் கறவைப் பசுவின் முகத்தில் அணிவிக்கும் உணர்கருவிக்கு இது பொருந்தாது. ஒரு பசுவின் முகவாய் மற்றொன்றின் அளவில் இராது. இறுகிய கருவி தோலைப் புண்ணாக்கும். தளர்ந்த கருவி தவறான கணக்குக் காட்டும்.

இக்குறையைத் தீர்ப்பது முப்பரிமாண அச்சு முறை. திரவப் பாலிமரை ஒளியால் அடுக்கடுக்காக இறுகச் செய்யும் முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் ஹல் 1986இல் காப்புரிமை பெற்றார். இக்காலத்தில் பாலிமர் இழையை உருக்கி, நுண்ணிய துவாரத்தின் வழியே சுமார் 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாகப் படியவைக்கும் முறை பெரிதும் வழங்குகிறது. மண் திரிகளை அடுக்கிக் குதிர் அமைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். வார்ப்பு அச்சு வேண்டுவதில்லை. கணினியிலுள்ள அளவை மாற்றினால் போதும்.

ரப்பரைப்போல் நீளும் பாலியூரிதேனுடன் கரித்தூள் கலந்தால் அதில் மின்சாரம் பாயும். பட்டை நீளும்போது கரித்துகள்களின் இடைவெளி மாறி, மின்தடையும் மாறும். அம்மாற்றமே அசைவின் அளவு. 2014இல் ஹார்வர்டு சர்வகலாசாலையார் கரி மையை மிருதுவான ரப்பருக்குள் அச்சிட்டு, விரலசைவை உணரும் கையுறை செய்து காட்டினர்.

இத்தகைய பட்டையை முகவாரில் பொருத்தினால் தாடையசைவைக் கணக்கிடலாம். ஆரோக்கியமான கறவைப் பசு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 முதல் 8 மணி நேரம் அசைபோடும். பிற அடையாளங்கள் தோன்றுமுன்பே அசைபோடுதல் குறைவது பல நோய்களில் உண்டு. அதனை உடனே அறிந்தால் பாலும் பசுவும் தப்பும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. மக்காச்சோள மாவிலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. என்னும் பாலிமர் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகும். சித்திரை வெயிலில் மூடிய வாகனத்துள் வைத்தால் உருக்குலையக்கூடும். நீளும் பட்டையும் பலமுறை இழுபட்டபின் பழைய கணக்கைத் தராது. ஆகவே வாரந்தோறும் 5 நிமிஷம் தாடையசைவைக் கண்ணால் எண்ணி, கருவியின் கணக்குடன் ஒப்பிடுதல் அவசியம். சங்கங்களுக்காக மொத்தமாக வாங்கும்போது, பெரிதும் சிறிதுமான சில பசுக்களின்மேல் பரீட்சித்துக் காட்டச் சொல்லிக் கிராம அதிகாரிகள் வற்புறுத்துவது நலம். கருவி எச்சரிக்கை மாத்திரமே தரும். நோயை நிர்ணயிப்பது கால்நடை வைத்தியரின் வேலை.