வேட்டி வெள்ளை, முகம் நிழல்: எந்த சென்சார் இருட்டைத் தாங்கும்?



நாமகிரிப்பேட்டைன்னு சொன்னதும் ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு மஞ்சள், இன்னொண்ணு நாதஸ்வரம். 1981-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் இந்த ஊர்ப் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனவர். இந்தக் கட்டுரை இசையைப் பத்தி இல்லை, கேமரா சென்சாரைப் பத்தி. ஆனா மேடையில உட்கார்ந்து வாசிக்கிற ஒரு நாதஸ்வரக் கலைஞர், எந்தக் கேமராவுக்கும் கஷ்டமான பரீட்சை.

ஏன்னு பாருங்க. வேட்டி சுத்த வெள்ளை. நாதஸ்வரம் ஆச்சா மரத்துல செஞ்ச கருத்த வாத்தியம். முகம் நம்ம ஊர் முகம், மாநிறமோ கறுப்போ. மேலே இருந்து ஒரே ஒரு ஃபோகஸ் லைட். வேட்டி வெளுத்துப் போகாம எக்ஸ்போஷர் வச்சா முகம் இருட்டுல போயிடும். சரி, அப்புறம் கம்ப்யூட்டர்ல ஷேடோவைத் தூக்கிக்கலாம்னு தூக்கினா, ஒரு கேமராவுல முகம் தெளிவா வெளியே வரும். இன்னொரு கேமராவுல முகம் முழுக்க செவப்பும் பச்சையுமா புள்ளிகள், கூடவே குறுக்கு நெடுக்கா கோடுகள். அந்த இருட்டு மூலையில இருக்கிறவர்தான் படத்தோட நாயகர். அதனால ஷேடோ நாய்ஸ் நமக்கு ரொம்ப முக்கியம்.

காசு விஷயமும் இருக்கு. வீட்டுல மஞ்சள் வித்த பணத்துல ஒரு செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கி, லீவு நாள்ல கல்யாண ஆர்டர் பிடிக்கலாம்னு நினைக்கிறவங்க நம்ம கிளாஸ்லயே இருக்காங்க. அவங்க கேமராக்களைத் தப்பா ஒப்பிட்டுட்டா அந்தப் பணம் போச்சு.

நாய்ஸ் எங்கிருந்து வருது?

சிமெண்ட் களத்துல மஞ்சள் காயப் போட்டிருக்காங்கன்னு வைங்க. திடீர்னு தூறல். மஞ்சளை அள்ளிட்டு களத்தை அடிக்கு அடி கட்டமா பிரிச்சுப் பாருங்க. ஒரு கட்டத்துல மூணு துளி, பக்கத்துல ஒண்ணு, அதுக்கு அடுத்ததுல அஞ்சு. மழை ஒரே மழைதான், ஆனா கட்டத்துக்குக் கட்டம் கணக்கு மாறும். கனமழையா கொட்டினா இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி நனைஞ்சிடும்.

ஒளியும் இப்படித்தான் ஃபோட்டான் ஃபோட்டானா வந்து பிக்சல்ல விழுது. சராசரியா விழுற எண்ணிக்கையோட வர்க்கமூலம்தான் அதோட ஏற்ற இறக்கம். 10,000 ஃபோட்டான் பதிவாச்சுன்னா ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம். 100 பதிவாச்சுன்னா 10, அதாவது 10 சதவீதம். 9 மட்டும்தான்னா 3, கிட்டத்தட்ட 33 சதவீதம். இதுக்குப் பேரு ஷாட் நாய்ஸ். இது ஒளியோட இயல்பு. எந்தக் கம்பெனி சென்சாராலயும் இதை ஒழிக்க முடியாது. இன்னும் கொஞ்சம் ஒளியைச் சேர்க்கிறது மட்டும்தான் வழி.

அப்படின்னா எல்லா கேமராவும் ஒண்ணுதானேன்னு கேட்கலாம். இங்கதான் ரெண்டாவது ஆள் வர்றார்.

கேமரா தானா சேர்க்கிற நாய்ஸ்

பிக்சல்ல சேர்ந்த எலக்ட்ரான்களை எண்ணி நம்பரா மாத்தணும். அந்த வழியில ஆம்ப்ளிஃபையர், வயரிங், அனலாக்கை டிஜிட்டலா மாத்துற ஏடிசி எல்லாம் இருக்கு. இவை சேர்ந்து போடுற பிழைக்குப் பேரு ரீட் நாய்ஸ். வெளிச்சமே இல்லைன்னாலும் இது இருக்கும்.

கணக்குக்காக ரெண்டு கேமரா எடுத்துக்குவோம். முதல் கேமராவுல ரீட் நாய்ஸ் 3 எலக்ட்ரான், ரெண்டாவதுல 25. ரெண்டு நாய்ஸையும் நேரா கூட்டக் கூடாது; வர்க்கம் போட்டுக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும்.

வெள்ளை வேட்டியில ஒரு பிக்சலுக்கு 40,000 எலக்ட்ரான். ஷாட் நாய்ஸ் 200. ரீட் நாய்ஸையும் சேர்த்தா முதல் கேமராவுல 200, ரெண்டாவதுல ஏறக்குறைய 202. வித்தியாசமே இல்லை.

இருட்டுல இருக்கிற கன்னத்துல 25 எலக்ட்ரான். ஷாட் நாய்ஸ் 5. முதல் கேமராவுல மொத்தம் 5.8. ரெண்டாவதுல 25.5! அதாவது சிக்னல் 25, நாய்ஸும் 25. அங்க முகம் இருக்கா இல்லையான்னே கேமராவுக்குத் தெரியாது.

வெளிச்சமான படங்களை வச்சு ரெண்டு கேமராவை ஒப்பிட்டா ஒண்ணுமே புலப்படாததுக்குக் காரணம் இதுதான். வித்தியாசம் எல்லாம் நிழல்லதான் ஒளிஞ்சிருக்கு.

பிக்சல் நிரம்பி வழியுற அளவை ரீட் நாய்ஸால வகுத்தா டைனமிக் ரேஞ்ச் கிடைக்கும். ரெண்டுமே 60,000 எலக்ட்ரான் பிடிக்கும்னு வச்சா, முதல் கேமராவுக்கு 20,000 மடங்கு, அதாவது 14 ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல. ரெண்டாவதுக்கு 2,400 மடங்கு, 11 ஸ்டாப்தான். ஒரு ஸ்டாப்னா ஒளி ரெண்டு மடங்கு.

2012-ல் எல்லாரும் பார்த்த பாடம்

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2012-ல் ரெண்டு ஃபுல் ஃபிரேம் கேமரா சந்தைக்கு வந்துச்சு. 22.3 மெகாபிக்சல் கேனான் 5டி மார்க் 3, 36.3 மெகாபிக்சல் நிக்கான் டி800. டிஎக்ஸ்ஓ மார்க் அளவீட்டுல குறைஞ்ச ஐஎஸ்ஓ-ல நிக்கானோட டைனமிக் ரேஞ்ச் 14 ஸ்டாப்பைத் தாண்டுச்சு. கேனான் 12-ஐத் தொடவே இல்லை.

கேனான் சென்சார் ஒளியைப் பிடிக்கிறதுல ஒண்ணும் மட்டமில்லை. பிரச்சினை ஏடிசி இருந்த இடத்துல. அந்தக் கால கேனான்ல அனலாக் சிக்னல் சென்சாரை விட்டு வெளிய போய், தனி சிப்ல நம்பரா மாறும். போற வழியில நாய்ஸ் ஒட்டிக்கும். டி800-ல இருந்தது சோனி தயாரிச்ச சென்சார். சோனியோட எக்ஸ்மோர் வடிவமைப்புல ஒவ்வொரு நெடுவரிசை பிக்சலுக்கும் சென்சார் சிப்லயே ஒரு ஏடிசி. சிக்னல் பிறந்த வீட்டு வாசல்லயே நம்பரா மாறிடுது.

இன்னொண்ணும் கவனிங்க. ஐஎஸ்ஓ 1600-க்கு மேல போனா இந்த ரெண்டு கேமராவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏன்னா ஐஎஸ்ஓ கூட்டினா, வழியில நாய்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியே சிக்னல் பெருசாயிடுது. பின்னாடி ஒட்டுற நாய்ஸ் அதுக்கு எதிர்ல சின்னதாயிடுது.

கேனானும் 2016-ல் வந்த 80டி, 5டி மார்க் 4 மாடல்கள்ல ஏடிசி-யை சென்சாருக்குள்ளயே கொண்டு வந்துச்சு. ஆனா 2017-ல் வந்த 6டி மார்க் 2-ல அது இல்லை, அதுக்காக விமர்சனமும் வாங்குச்சு. புது மாடல்னாலே நிழல் சுத்தமா இருக்கும்னு நம்பக் கூடாது.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

ஒண்ணு, ஒளி சமமா இருக்கணும். ஒரே இடம், ஒரே விளக்கு, ஒரே ஷட்டர், ஒரே அப்பர்ச்சர். ஒரு கேமரா 1/60-லயும் இன்னொண்ணு 1/125-லயும் எடுத்துட்டு ஐஎஸ்ஓ நம்பர் ஒண்ணுதானேன்னு ஒப்பிட்டா, நீங்க ஒப்பிடுறது சென்சாரை இல்லை, ஷட்டரை.

ரெண்டு, 100 சதவீதம் ஜூம் பண்ணி ஒப்பிடாதீங்க. 36 மெகாபிக்சல் படத்தோட ஒவ்வொரு பிக்சலும் சின்னது, அதனால தனித்தனியா பார்த்தா நாய்ஸ் அதிகமா தெரியும். ரெண்டு படத்தையும் ஒரே அளவுக்குச் சுருக்கிட்டுப் பாருங்க. 24 மெகாபிக்சல் படத்தை 6-ஆ சுருக்கினா நாலு பிக்சல் சேர்ந்து ஒண்ணாகுது, நாய்ஸ் பாதியாகுது. ஆல்பத்துல பிரிண்ட் போட்டு பார்க்கப் போறவங்க பிக்சலை எண்ண மாட்டாங்க.

மூணு, ஜேபெக் வேண்டாம், ரா ஃபைல் எடுங்க. ஜேபெக்ல கேமராவே நாய்ஸைத் தேய்ச்சு மெழுகிடும். கூடவே மீசை முடியும் போயிடும். ரா ஃபைலைத் திறக்கிற மென்பொருள்லயும் நாய்ஸ் குறைப்பை முழுசா ஆஃப் பண்ணிடுங்க.

நாலு, விளக்கோட நிறம். மஞ்சள் பல்பு வெளிச்சத்துல நீலம் ரொம்பக் கம்மி. வெள்ளையை வெள்ளையா காட்ட நீல சேனலை மட்டும் பல மடங்கு பெருக்கணும், அதோட நாய்ஸும் பெருகும். பகல் வெளிச்சத்துல எடுத்த சாம்பிள் படத்தைப் பார்த்து மண்டபத்துக்குக் கேமரா வாங்கக் கூடாது.

அஞ்சு, சென்சார் அளவு. ஃபுல் ஃபிரேம் 36 × 24 மில்லிமீட்டர், 864 சதுர மில்லிமீட்டர். நிக்கான் ஏபிஎஸ்-சி 23.5 × 15.6, சுமார் 367. அதே எக்ஸ்போஷர்ல பெரிய சென்சார் 2.36 மடங்கு ஒளி சேர்க்கும். உடனே ஃபுல் ஃபிரேமுக்கு ஓடாதீங்க. எஃப் 5.6 லென்ஸை எஃப் 1.8-ஆ மாத்தினா கிடைக்கிறது கிட்டத்தட்ட 9.7 மடங்கு. கையில இருக்கிற காசு கம்மின்னா, சின்ன சென்சாரும் நல்ல 50 எம்எம் லென்ஸும்தான் புத்திசாலித்தனம்.

நாமளே அளக்கலாம்

இதெல்லாம் அளக்க லேப் வேண்டாம். கேமரா, ரா ஃபைல், கொஞ்சம் பைத்தான் போதும்.

லென்ஸ் மூடியைப் போட்டு, இருக்கிறதுலயே வேகமான ஷட்டர்ல ரெண்டு படம் எடுங்க. ஒண்ணை இன்னொண்ணுல இருந்து கழிங்க. ரெண்டுலயும் பொதுவா இருக்கிற நிலையான கறை போயிடும், மிச்சம் இருக்கிறது தற்செயல் நாய்ஸ். அதோட திட்ட விலக்கத்தை √2-ஆல வகுத்தா ரீட் நாய்ஸ். உதாரணத்துக்கு விலக்கம் 4.2 வந்தா, வகுத்தா சுமார் 3 யூனிட்.

யூனிட்டை எலக்ட்ரானா மாத்தணுமே? ஒரு வெள்ளைச் சுவரை அவுட் ஆஃப் ஃபோகஸ்ல, வேற வேற ஷட்டர்ல ரெண்டு ரெண்டு படமா எடுங்க. ஒவ்வொரு ஜோடிக்கும் சராசரியைக் கணக்கிட்டு, அதுல இருந்து மூடி போட்டு எடுத்த படத்தோட சராசரியைக் கழிச்சிடுங்க. அதே ஜோடியை ஒண்ணுல இருந்து ஒண்ணு கழிச்சு, வர்ற மாறுபாட்டைப் பாதியாக்குங்க. சராசரியை கிடைமட்டத்துலயும் மாறுபாட்டை செங்குத்துலயும் வச்சு கிராஃப் போட்டா நேர்கோடு வரும். அதோட சாய்வைத் தலைகீழாக்கினா ஒரு யூனிட்டுக்கு எத்தனை எலக்ட்ரான்னு தெரிஞ்சிடும். 2 எலக்ட்ரான்னு வந்தா, மேல சொன்ன 3 யூனிட் நாய்ஸ் 6 எலக்ட்ரான். இப்போ எந்தக் கேமராவையும் எந்தக் கேமராவோடயும் நேர்மையா ஒப்பிடலாம். ஒரே எச்சரிக்கை: சில பழைய நிக்கான் மாடல்கள் பூஜ்யத்துக்குக் கீழ போற மதிப்புகளை வெட்டிடும், அதுல மூடி போட்ட சோதனை நாய்ஸைக் கம்மியா காட்டும்.

இது வானியல்காரங்க சிசிடி கேமராவை அளக்கிற முறைதான். நம்ம ஜவ்வாது மலை காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு, அங்க 1986-ல் இருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குது. தூரத்து நட்சத்திரத்துல இருந்து வர்ற ஃபோட்டான் அவ்வளவு கம்மி. அதனால வானியலாளர்கள் மூடி போட்ட படத்தைக் கழிச்சு, சமவெளிச்சப் படத்தால வகுக்காம எதையும் நம்ப மாட்டாங்க. வெப்பத்தால பிறக்கிற எலக்ட்ரான்களைக் குறைக்க சென்சாரைக் குளிரவும் வைப்பாங்க. 1/60 நொடிப் படத்துல நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆனா கொல்லிமலையில நட்சத்திரத்தை 30 நொடி எடுக்கிறவங்களுக்கு இருக்கு.

சரி, மண்டபத்துல என்ன செய்யணும்?

கையில இருக்கிறது ஏடிசி வெளிய இருக்கிற பழைய வகைன்னா, ஐஎஸ்ஓ-வை கேமராவுலயே கூட்டி எடுங்க. ஐஎஸ்ஓ 100-ல இருட்டா எடுத்துட்டு அப்புறம் தூக்கிக்கலாம்ங்கிற திட்டம் அதுக்கு ஒத்துவராது. உள்ளேயே ஏடிசி இருக்கிற வகைன்னா, ஐஎஸ்ஓ-வைக் குறைவா வச்சு வேட்டியைக் காப்பாத்துங்க, முகத்தைப் பின்னாடி தூக்கிக்கலாம். சோனி ஏ7 மார்க் 3 மாதிரி சில மாடல்கள்ல ஐஎஸ்ஓ 640-ல ஒரு உள் சுவிட்ச் மாறும். அங்க 500-ஐவிட 640-ல நிழல் சுத்தமா இருக்கும். மூடி போட்ட சோதனையை ஒவ்வொரு ஐஎஸ்ஓ-லயும் செஞ்சா உங்க கேமராவோட குணம் தானா தெரிஞ்சிடும்.

போன்ல எடுக்கிறவங்களுக்கு: நைட் மோடு பல படங்களை எடுத்துச் சேர்க்குது. 9 படம் சேர்ந்தா நாய்ஸ் மூணுல ஒரு பங்காகும். ஆனா வாசிக்கிறவரோட விரல் நிற்கவா போகுது? முகம் தெளிவா வந்தாலும் விரல் கரைஞ்சு போகலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்க ஒரு மெமரி கார்டை பாக்கெட்ல போட்டுட்டுப் போங்க. குறைஞ்ச ஐஎஸ்ஓ-ல, ரா-வில, கடையோட இருட்டு மூலையை நாலு ஸ்டாப் கம்மியா ஒரு படம் எடுங்க. லேப்டாப்ல போட்டு நாலு ஸ்டாப் தூக்கிப் பாருங்க. புள்ளி மட்டும்னா பரவாயில்லை, சுருக்கினா அடங்கிடும். கோடு கோடா வந்துச்சுன்னா யோசிங்க. கண்ணு புள்ளியை மன்னிக்கும், கோட்டை மன்னிக்காது. பணத்தை அதுக்கு அப்புறம் எடுங்க.