அளபுரு அடையாளங்காண்மை

அளபுரு அடையாளங்காண்மை என்பது, ஒரு கணித மாதிரியின் வெளியீட்டை அளப்பதன் மூலம் அதன் அளபுருக்களை ஒரே விடையாகக் கண்டறிய முடியுமா என்பதைக் குறிக்கும் பண்பாகும். ஒரு செவ்வகத்தின் பரப்பளவு 24 என்று மட்டும் தெரிந்தால், பக்கங்கள் 6, 4 ஆகவும் இருக்கலாம். 8, 3 ஆகவும் இருக்கலாம். பரப்பளவை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் பக்கங்கள் தெரியவாரா. நேரியலற்ற மாதிரிகளில் இத்தகைய பிணைப்புகள் சமன்பாடுகளுக்குள் மறைந்திருக்கும்.

இரு வகைகள்

தரவு பிழையின்றி, தொடர்ச்சியாகக் கிடைத்தாலும் அளபுருவைப் பிரித்தறிய முடியாவிட்டால் அது கட்டமைப்புக் குறை. இக்கருத்தை ரிச்சர்டு பெல்மனும் கார்ல் ஆஸ்ட்ரோமும் 1970-இல் முன்வைத்தனர். கொள்கையளவில் முடிந்தும், கிடைத்த தரவு போதாமையால் முடியாவிட்டால் அது நடைமுறைக் குறை.

எடுத்துக்காட்டு

கெர்மக், மெக்கென்ட்ரிக் ஆகியோரின் 1927-ஆம் ஆண்டு தொற்றுநோய் மாதிரியின் எளிய வடிவம் மக்களை, தொற்றுக்கு உள்ளாகக்கூடியோர், தொற்றாளர், நீங்கியோர் எனப் பிரிக்கிறது. தொற்றாளரில் ஒரு பங்கினரே பதிவாகின்றனர் என்று கொள்வோம். முதலிரு பிரிவினரின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி, பரவல் கெழுவையும் பதிவுப் பங்கையும் பாதியாக்கினால், பதிவாகும் எண்ணிக்கை சிறிதும் மாறாது. எனவே அவ்விரு அளபுருக்களின் விகிதத்தை மட்டுமே அறியலாம். தொடக்கத்தில் தொற்றுக்கு உள்ளாகக்கூடியோர் எத்தனை பேர் என்பது வேறு வழியில் தெரிந்தால் இக்குறை நீங்கும்.

தொடக்க நாள்களின் தரவு மட்டுமே இருந்தால், தொற்றும் வீதத்துக்கும் குணமடையும் வீதத்துக்கும் உள்ள வேறுபாடே வெளிப்படும். நாளொன்றுக்கு 0.3, 0.1 என்ற இணையும் 0.7, 0.5 என்ற இணையும் ஒரே 0.2 வளர்ச்சியைத் தருகின்றன. ஆனால் ஒரு தொற்றாளர் சராசரியாகத் தொற்றைப் பரப்பும் நபர்களின் எண்ணிக்கை முதலாவதில் 3; இரண்டாவதில் 1.4. முழுப் பயனுள்ள தடுப்பூசியைச் சீராகச் செலுத்திப் பரவலைத் தடுக்க, முதலாவதில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதில் 29 விழுக்காட்டினருக்கும் அது தேவைப்படும். வளைகோடு தரவுடன் நன்கு பொருந்துவது அளபுருக்கள் சரி என்பதற்குச் சான்றாகாது.

சோதிக்கும் முறைகள்

கட்டமைப்பைச் சோதிக்க, வெளியீட்டை டெய்லர் தொடராக விரித்து, அதன் கெழுக்களிலிருந்து அளபுருக்களுக்கு ஒரே தீர்வு கிடைக்கிறதா என்று பார்க்கலாம். அளவிட முடியாத மாறிகளை நீக்கி, வெளியீடு மட்டுமே உள்ள சமன்பாட்டைப் பெறுவது மற்றொரு முறை.

நடைமுறைச் சோதனையில், ஓர் அளபுருவைப் பல மதிப்புகளில் நிலைநிறுத்தி, ஒவ்வொரு முறையும் மற்றவற்றை மீண்டும் பொருத்துவர். பொருத்தப் பிழை இருபுறமும் உயர்ந்தால் அந்த அளபுரு அறியத்தக்கது. தட்டையாகவே நீண்டால் அறியத்தக்கதன்று. அப்போது கூடுதலாக ஒரு கணியத்தை அளக்க வேண்டும். அல்லது பிணைந்த அளபுருக்களை ஒன்றாக்கி மாதிரியை எளிமைப்படுத்த வேண்டும்.