தாத்தா துப்பாக்கிக்கு ஆசிட் குளியல்!

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. அங்கிருந்து மாரமங்கலம் போய் இறங்கும்போதே எனக்குத் தலை சுற்றல். சித்தப்பா வாசலில் நின்றார். ஒரு கையில் துப்பாக்கி. இன்னொரு கையில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்.

"வாடா! சரியான நேரத்துல வந்த. இந்த நிக்கல் பூச்சை உரிச்சுடலாம்."

அவருடைய அப்பா வைத்திருந்த துப்பாக்கி. குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம். லைசென்ஸ் உண்டு. எந்தப் புண்ணியவானோ அதற்கு சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி நிக்கல் ஏற்றியிருக்கிறார். இப்போது சொறி பிடித்தாற்போல் உரிகிறது.

நான் பி.காம்.! கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்தது. ஆனாலும் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். இந்த ஆசிட்டுக்கு நிக்கலைவிட இரும்பு ருசி அதிகம். பூச்சு விரிசல் விட்ட இடமாகப் பார்த்துப் புகுந்து, அடியிலுள்ள குழலைத்தான் தின்னும். தொழில் தெரிந்தவர்கள் மின்சாரத்தைத் திருப்பி விட்டு எடுப்பார்கள். முலாம் பூசும்போது நிக்கல் வந்த வழியிலேயே திரும்பிப் போய்விடும். எங்கள் பாஷையில் பற்று, வரவு! வீட்டு பக்கெட்டில் செய்கிற காரியமில்லை. அதுவும் பூச்சு குரோமியமாக இருந்துவிட்டால், மின்சாரம் விட்ட தண்ணீரே புற்றுநோய் தரும் விஷமாகிவிடும்.

"அப்ப சாணைச் சக்கரத்துல கொடுத்துத் தேய்ச்சுட்டா?"

"மேல இருக்கற நம்பரும் சேர்ந்து போயிடும் சித்தப்பா. நம்பரை அழிச்சா 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ரிப்பேர் பண்றவருக்கே தனி லைசென்ஸ் வேணும். அதிருக்கட்டும், உள்ளே மருந்து இருக்கான்னு பார்த்தீங்களா?"

"பைத்தியமா உனக்கு? அப்பா போயே 30 வருஷமாச்சு!"

ஆளில்லாத சரிவுப் பக்கம் குழலைத் திருப்பி வைத்தோம். பக்கவாட்டில் நின்று மூங்கில் குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, குழல் வாயருகே கோடு போட்டு, வெளியே வைத்து அளந்தால்... அடி வரை போகவில்லை. நாலு விரற்கடை குறைந்தது!

ஈரம் படாத கறுப்பு மருந்துக்கு சாவே இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் 1860-களின் உள்நாட்டுப் போர்க்கால பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்தவர், அது வெடித்து இறந்தார். வருஷம் 2008!

சேலத்திலிருந்து லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரை வரவழைத்தோம். குழலில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, திருகுக் கம்பியால் இழுத்தார். தேங்காய் நார், ஈய ரவை, கரியாகக் குழைந்த மருந்து.

"நிக்கலை அப்புறம் பார்க்கலாம். இத்தனை வருஷமா இது எங்கே இருந்துச்சு?" என்றார்.

சித்தப்பா கட்டிலுக்கு மேலே இருந்த ஆணியைக் காட்டினார். நான் கிளம்புகிற வரை சித்தி அவரோடு பேசவில்லை.