தலைமயிர், தோல், நகம்: இவற்றின் போஷணைக்கு ஏற்ற கொல்லைப் பயிர்கள்

தாம்பரத்தைச் சூழ்ந்த முடிச்சூர், மண்ணிவாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென் முதலிய ஊர்களில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று வீட்டு மனைகளாக மாறியிருப்பது யாவரும் அறிந்ததே. நிலத்தை இன்னும் கைவிடாத குடியானவர்களும் இருக்கிறார்கள். விற்றது போக வீட்டைச் சுற்றி ஐந்து பத்து செண்டு மட்டும் நிறுத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இவ்விரு சாராருடைய வீடுகளிலும் சமீப காலமாக ஒரு புதுச் செலவு ஏறி வருகின்றது. மயிர் உதிர்கிறதென்று ஒரு புட்டி எண்ணெய், தோல் வறண்டதென்று ஒரு குழாய்க் களிம்பு, நகம் பிளக்கிறதென்று ஒரு டப்பி மாத்திரை என்று மாதந்தோறும் பணம் கடைக்குப் போகின்றது. முழங்கால் வரை கூந்தல் தொங்கும் படத்தை ஒட்டிவிட்டால் எந்த எண்ணெயும் விலை போகும் என்பதை வியாபாரிகள் நன்கு அறிவார்கள். பணம் போவதினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. உடல் தன் குறையை வெளியே காட்டும் அடையாளத்தை எண்ணெய் பூசி மறைத்துவிட்டு, குறையை அப்படியே விட்டுவிடுவதுதான் அது.

பயிர்த்தொழிலில் இந்தத் தவறை எந்தக் குடியானவரும் செய்வதில்லை. நிலக்கடலையின் இளந்துளிர் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடைப்பகுதி வெளிறுமானால் இரும்புச் சத்துக் குறைவென்று கண்டு, அன்னபேதி உப்பை நூற்றுக்கு ஒரு பங்காகக் கரைத்துத் தெளிக்கிறார். அடியிலையிலிருந்து மஞ்சள் ஏறினால் தழைச்சத்துக் குறைவென்று கொள்கிறார். நெல் நடவுக்குப் பின் இலையில் துருப்புள்ளி கண்டு பயிர் குன்றினால் துத்தநாகக் குறைவென்று தெரிந்து, அடுத்த பட்டத்தில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து இடுகிறார். இலைக்குப் பச்சை வர்ணம் பூசுவார் ஒருவரும் இல்லை. மனித சரீரத்தில் நகமும் மயிரும் தோலும் அந்த இலையின் ஸ்தானத்தில் இருப்பவை. உயிர் நிலைக்க அத்தியாவசியமான இருதயத்திற்கும் மூளைக்கும் சத்தை முதலில் கொடுத்துவிட்டு, மிச்சத்தையே உடல் இவற்றுக்கு அனுப்புகின்றது. ஆகையால் பஞ்சம் வந்தால் முதலில் தெரிவதும் இங்கேதான்.

நகம் ஒரு நல்ல கணக்குப் புத்தகம். கைவிரல் நகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கின்றது. அடியிலிருந்து நுனி வரை புதிதாக வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். கால்விரல் நகத்திற்கு ஓர் ஆண்டுக்கும் மேல் வேண்டும். மருதாணி இட்ட பெண்கள் இதை நேரில் கண்டிருப்பார்கள். மருதாணியின் சாயம் நகத்திலுள்ள புரதத்தோடு பிணைந்துவிடுவதால் அழிவதில்லை; அடியில் வெள்ளைப் பிறை தோன்றி, அது அகல அகலச் சிவப்பு மேலேறி, கடைசியில் வெட்டியெறியப்படுகின்றது. இரத்தத்தில் இரும்புச் சத்து நெடுநாள் குறைந்திருந்தால் நகம் மெலிந்து, தட்டையாகி, முற்றிய நிலையில் ஒரு சொட்டு நீர் தங்கும்படி கரண்டிபோல் குழிந்துவிடும். தலைமயிரோ மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்வது. கடுஞ்சுரத்திற்குப் பின்னும் பிரசவத்திற்குப் பின்னும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக மயிர் கொட்டுவது சகஜம். அது பெரும்பாலும் தானே நின்று மறுபடி முளைக்கும். அந்தச் சமயத்தில் எந்தப் புட்டி கையில் இருந்ததோ அதற்குப் புகழ் போய்ச் சேருகின்றது!

தானே நிற்காத உதிர்வே கவனிக்கத்தக்கது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நமது மாநிலத்தில் 15 வயதுக்கு மேல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் அதிகமானோர் இரத்தச் சோகை உள்ளவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டு வகுத்த அளவின்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவை, பெண்ணுக்கு 29. வீட்டில் கடைசியாக உண்பவர்களுக்கே தேவை அதிகமாயிருக்கிறது என்பதைக் குடும்பத் தலைவர்கள் நினைவில் வைக்க வேண்டும். மயிர் உதிர்வோடு களைப்பும், படியேறினால் மூச்சு வாங்குதலும், நகம் வெளுத்தலும் சேர்ந்து காணுமானால், எண்ணெய் வாங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்க்க வேண்டும். சித்த முறையை விரும்புவோர்க்குத் தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கின்றது. 1928-ல் காசநோயாளருக்காக ஏற்பட்ட ஆரோக்கிய நிலையத்தால் பெயர் பெற்ற அவ்விடத்தில், இந்நிறுவனம் 2005 செப்டம்பர் 3-ஆம் நாள் தேசத்திற்கு அர்ப்பணிக்கப்பட்டது.

தோலைப் பற்றிய அறிவில் நம் நாட்டுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. நீலகிரியில் குன்னூரில் 1918-ல் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சிதான் பின்னர் போஷணை ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசியப் போஷணை நிறுவனமாக விளங்குகின்றது. 1930-களில் ஆக்ராய்ட் என்பவர் அதன் தலைவராயிருந்தபோது, தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்ததில் பலருடைய முழங்கையிலும் முழங்காலிலும் தோல் வறண்டு முள்முள்ளாக எழும்பியிருக்கக் கண்டார்கள். தேரையின் தோல்போல் இருப்பதால், இலங்கையில் பணிபுரிந்த நிக்கல்ஸ் என்னும் வைத்தியர் 1933-ல் அதற்கு அப்பொருள்படவே பெயரிட்டிருந்தார். அது வைட்டமின் ஏ குறைவால் மட்டும் வருவதென்று முதலில் எண்ணினார்கள். உணவில் எண்ணெய்யும் பி வகை வைட்டமின்களும் குறைவதே முக்கிய காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. கீரையிலுள்ள மஞ்சள் சத்து உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவதற்கும் கொஞ்சம் எண்ணெய் கூட வேண்டும். ஆகவே கீரையை வெறும் நீரில் வேக வைத்து வடித்துவிடாமல், ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கடைவதே முறை. நம் பாட்டிமார் செய்ததும் அதுவே.

மயிரும் நகமும் பெரும்பாலும் புரதத்தால் ஆனவை. அப்புரதத்தில் கந்தகம் மிகுதி. நிலக்கடலைக்கு 40, 45-ஆம் நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பவர்கள் கந்தகத்தின் அருமையை அறிவார்கள். மனிதனுக்கு ஜிப்சம் இட முடியாது. கந்தகம் கலந்த புரதத்தை உண்ணத்தான் வேண்டும். பயறு வகைகளில் அது கொஞ்சம் குறைவு. எள்ளில் நிறைய உண்டு. அரிசியில் குறைந்ததைப் பயறும், பயற்றில் குறைந்ததை எள்ளும் நிரப்புகின்றன. எள்ளுப்பொடியும், பச்சைப்பயற்றுக் கஞ்சியும், முட்டையுண்போர்க்கு முட்டையும் சேர்ந்தால் போதுமானது. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் வாரத்தில் சில நாள் கூழோ களியோ நல்லது.

இனிக் கொல்லையில் வைக்க வேண்டியவற்றைக் கவனிப்போம். முதலாவது முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-ல் வெளிவந்த பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை விதையால் வருவது. ஆறு மாதத்தில் காய்க்கும். தோப்பாக வைப்போர் 2.5 மீட்டர் இடைவெளி விடுவர். வீட்டுத் தேவைக்குக் கீரைக்காகவே வைப்பவர்கள் ஒரு மீட்டர் விட்டால் போதும். முக்கால் மீட்டர் உயரம் வந்தவுடன் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிடில் ஓங்கி வளர்ந்து, கீரை கைக்கெட்டாமல் போய், மரமேறிக் கிளை முறிந்து விழுவோர் கதையாகும். கறிவேப்பிலைக்குப் பழுத்த கனியின் விதையை உடனே விதைக்க வேண்டும். காய்ந்த விதை முளைப்பது அரிது. வேர்க்கன்றும் நன்றாகப் பிடிக்கும். கடைக் கறிவேப்பிலையில் மருந்து தெளித்த வாசனை சில சமயம் அடிப்பதுண்டு. சட்னியாகவும் பொடியாகவும் நிறைய உண்ண விரும்புவோர் ஒரு செடியாவது சொந்தமாக வைத்துக்கொள்வது உத்தமம்.

நெல்லிக்கு இடம் வேண்டும். 6 மீட்டருக்கு ஒன்று. பவானிசாகரில் தேர்ந்த பி.எஸ்.ஆர். 1, வடநாட்டு என்.ஏ. 7 ஆகிய ஒட்டுகளில் இரண்டையும் கலந்து வைத்தால் காய்ப்பு அதிகம்; ஒரே இனத்தைத் தனியாக வைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று வருந்துவோர் பலர். 100 கிராம் நெல்லிக்கனியில் சில நூறு மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. ஒரு நாளைய தேவை 80 மில்லிகிராம்தான். இதன் முக்கிய பிரயோஜனம் யாதெனில், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கும்படி செய்வது. முருங்கைக்கீரையோடு நெல்லிக்காய்த் துவையலோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு உடலில் சேரும்; சாப்பிட்ட கையோடு காப்பியோ தேயிலையோ குடித்தால் அதன் பெரும்பகுதி வீணாகும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதற்குச் செலவொன்றும் இல்லை.

கரிசலாங்கண்ணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூந்தல் தைலம் எதுவாயினும் அதில் முதலாவதாகச் சேர்வது இதுவே. நெல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் களையாக முளைப்பதால் இதைப் பயிராக எண்ணுவார் குறைவு. வயல்கள் குறைந்துபோன இப்பக்கங்களில் இது இப்போது மிகுதியாகக் காணப்படும் இடம் சாக்கடை ஓரம். அடையாற்றுக் கரையிலும் பெருஞ்சாலைக் கால்வாயிலும் கொழுத்து வளர்ந்ததைப் பறித்துக் கட்டாக விற்பதும் உண்டு. கழிவு நீரில் வளரும் கீரை காரீயம், காட்மியம் முதலிய நச்சு உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். கழுவினால் மேலுள்ள அழுக்குப் போகுமேயன்றி உள்ளேறிய விஷம் போகாது. நல்ல கிணற்று நீர் பாயும் பாத்தியில் தண்டைக் கிள்ளி நட்டாலே வேர் விடும் இப்பயிரை, ஈரமான மூலை ஒன்றில் இரண்டு செண்டு வைத்தாலும் வீட்டுக்குப் போக விற்கவும் மிஞ்சும். திருவான்மியூரில் 1944 முதல் நடந்துவரும் வைத்தியர்களின் கூட்டுறவு மருந்துச்சாலையாகிய இம்ப்காப்ஸும், 1983-ல் அரசு நிறுவி ஆலத்தூரில் மருந்து தயாரிக்கும் டாம்ப்கால் கழகமும் இப்பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. மூலிகை விற்க எண்ணுவோர் பயிரிடுமுன் இத்தகைய ஸ்தாபனங்களில் தேவையையும் தரத்தையும் விசாரித்துக்கொள்வது விவேகம்.

செடியை அடையாளம் காண்பதிலும் ஏமாற்றம் உண்டு. தைலத்திற்குரியது வெண்பூ உடையது. தண்டு சற்றுச் செம்மை, இலையில் சொரசொரப்பு, கசக்கினால் சாறு சிறிது நேரத்தில் கறுக்கும். மஞ்சள் பூ உடையது வேறு இனம். அதுவும் மருந்துச் செடியே. ஆனால் நாற்றுப் பண்ணைகளில் மஞ்சள் கரிசாலை என்று கொடுக்கப்படுவது பல சமயம் பூங்காக்களில் தரை மூட வளர்க்கும் அயல்நாட்டுக் கொடி. அதன் இலை மூன்று மடலாகப் பிளந்து, பளபளப்பாக இருக்கும், பூ பெரிது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடி வாங்குவோர் இலையைப் பார்த்து வாங்க வேண்டும்.

மேற்பூச்சு வேண்டாமென்பது கருத்தன்று. தேங்காயெண்ணெய் மயிரின் உள்ளே புகுந்து, கழுவும்போதும் சீவும்போதும் புரதம் சேதமாவதைக் குறைக்கிறதென்று மும்பையில் நடந்து 2003-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. சூரியகாந்தி எண்ணெய்யும் கனிம எண்ணெய்யும் அவ்வாறு செய்யவில்லை. ஆராய்ந்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். எண்ணெய் உள்ள மயிரைக் காக்கும். இல்லாத மயிரை முளைப்பிக்காது. சீயக்காயும் பயற்றமாவும் அழுக்கை நீக்கப் போதுமானவை. மஞ்சளைத் தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி அரைப்பது நலம். நிறத்துக்காகக் காரீயச் சாயம் கலந்த தூள் பிடிபட்டிருக்கின்றது. மருதாணி எப்போதும் செந்நிறமே தரும். கன்னங்கரேலென்று உடனே பிடிக்கும் "கறுப்பு மருதாணி"யில் மயிர்ச்சாயத்தின் ரசாயனம் சேர்ந்திருப்பதால், தோல் கொப்புளித்துத் தழும்பு விழுந்த பிள்ளைகள் உண்டு. வேலியோரத்தில் மருதாணிக் கிளையை வெட்டி நட்டால் ஆடு மாடும் அடங்கும், ஆடிக்கும் ஐப்பசிக்கும் இலையும் கிடைக்கும்.

நகத்திற்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை பெரும்பாலோர்க்கு வேண்டுவதில்லை. முட்டையிலும் நிலக்கடலையிலும் அச்சத்து இருக்கின்றது. அதிக அளவில் உண்பவர்களுடைய தைராய்டு முதலிய இரத்தப் பரிசோதனைகள் பிசகாகக் காட்டக்கூடும். உண்பவர் அதை வைத்தியரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்கள் எல்லையிலுள்ள பள்ளிச் சத்துணவுக் கூடம், அங்கன்வாடி ஆகியவற்றின் சுற்றுச் சுவருக்குள் நான்கு முருங்கையும் இரண்டு கறிவேப்பிலையும் நிற்கின்றனவா என்று ஒரு முறை பார்க்கலாம். அரிசி கழுவிய நீர் வீணே தெருவில் ஓடும் இடங்களில் அதை இச்செடிகளுக்குத் திருப்ப ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும். முருங்கை வேரில் நீர் தேங்கக்கூடாது; ஆகையால் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மேட்டுப் பாத்தி அமைத்து, அதன் உச்சியில் குழிக்கு இரண்டு விதையாக ஒரு அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். இரண்டும் முளைத்தால் வலுவானதை நிறுத்தி மற்றதைப் பிடுங்கிவிடலாம்.